கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை

தப்பு என் மேல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

வார்னிஷ் டப்பாவின் மூடி திறக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போக சோம்பேறித்தனம். கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள்மணை இருந்தது. தேங்காய் துருவும் பூ இல்லாத பழைய மாடல். மேல்முனை கூராக வளைந்திருக்கும். அந்த முனையை மூடிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன்.

'டிங்'!

மூடி அசையவில்லை. அரிவாள்மணையின் வாயிலிருந்து நகக்கண் அளவு ஒரு சில்லு தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் விழுந்தது. அலகும் கட்டையிலிருந்து ஆட ஆரம்பித்துவிட்டது.

அது என் மனைவிக்கு அவள் அம்மாயி கொடுத்தது. கல்யாணத்தோடு வந்த மிக்ஸி போச்சு, கிரைண்டர் போச்சு, என் முன்மண்டை முடிகூடப் போச்சு. இது ஒன்றுதான் வந்தது வந்தபடியே இருந்தது. "உங்களை யாரு அதுல கை வைக்கச் சொன்னது?" என்று ஒரே ஒரு கேள்வி. அப்புறம் மூன்று நாள் மௌனம். கத்திச் சண்டைகூடப் போட்டுவிடலாம் ஸார், இந்த மௌனத்தைத் தாங்க முடியாது.

பாத்திரக் கடையில் காட்டினேன். "இதையெல்லாம் இப்ப யாருங்க ரிப்பேர் பண்றா? புதுசு வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். கடைசியில் சேலத்துக்கு வெளியே, பைபாஸை ஒட்டிய ஒரு கிராமத்தில் பட்டறை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன். (போலீஸ் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.)

பட்டறை என்றால் நாலு கம்பம், மேலே தகரம். உள்ளே பகலிலேயே இருட்டு. ஆசாரிக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அலகைக் கட்டையிலிருந்து உருவினார். பட்டடையில் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சாணைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு, முதுகுப் பக்கத்தை ஒரு தடவை தொட்டார். பொறி நீள நீளக் கோடாக ஓடியது. திருப்பி, வாய்ப் பக்கத்தைத் தொட்டார். பொறி மத்தாப்பு மாதிரி பூப்பூவாக வெடித்தது.

"பாத்தீங்களா? ஒடம்பு இரும்பு. வாயி எஃகு. ரெண்டையும் காய்ச்சி ஒட்டியிருக்காங்க. நல்ல எஃகு தம்பி. அதான் மடங்காம தெறிச்சிருக்கு."

"சரி பண்ணிடலாமுங்களா?"

"சில்லு போன அளவுக்குத் தேய்ச்சுட்டு, திரும்ப வடிச்சு, காய்ச்சித் தண்ணி காட்டணும். தண்ணி காட்டும்போது வெடிச்சாலும் வெடிச்சுரும். ஒரு வாரம் கழிச்சு வாங்க. பொழுது சாய வாங்க."

வெடித்தாலும் வெடிக்குமாம்! இதை வீட்டில் சொல்லவில்லை.

* * *

கெமிஸ்ட்ரிக்குப் பயந்து காமர்ஸ் எடுத்தவன் நான். இரும்பு என்றால் எனக்கு டெபிட், கிரெடிட்டில் வரும் ஒரு சரக்கு. ஆனால் அந்த மத்தாப்பு மனசைவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் லைப்ரரியே கதி என்று கிடந்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. நான் தெறிக்க வைத்த அந்தச் சில்லுக்குப் பின்னால் இத்தனை பெரிய கணக்கா!

முதலில் தொடக்க இருப்பு. 2025 ஜனவரி 23ஆம் தேதி தமிழக அரசு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருட்களோடு கிடைத்த மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பியதில், கி.மு. 3345 என்று ஒரு காலக்கணக்கு வந்திருக்கிறது. அதற்கு முன், 2022ல், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று அறிவித்தபோதே ஆச்சரியப்பட்டோம். ஒரே தாவலில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது! இன்னும் பல இடங்களில் தோண்டி உறுதி செய்யவேண்டும் என்கிற ஆய்வாளர்களும் உண்டு. செய்யட்டும். சிவகளைக்குப் பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876ல் ஜாகர் என்ற ஜெர்மன்காரரும், 1899லிருந்து அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்காரரும் தாழிகளைத் தோண்டி, வாளும் வேலும் குந்தாலியுமாக எடுத்த ஊர்.

இரும்பு வேறு, எஃகு வேறு. அந்தக் கால உலையில் இரும்பு உருகாது. தாதுவையும் கரியையும் கொட்டி ஊதினால் அடியில் ஸ்பான்ஜ் மாதிரி ஒரு கட்டி நிற்கும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் தேனிரும்பு. அது மெத்து, வளையும், கூர் நிற்காது. அதில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு கரி கலந்துவிட்டால் எஃகு, முடி சிரைக்கலாம். கரி நூற்றுக்கு மூன்று, நாலு என்று போய்விட்டால் வார்ப்பிரும்பு. சம்மட்டியால் அடித்தால் உடையும். அந்த ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவில்தான் கொல்லனின் மொத்தப் பிழைப்பும். ஆடிட்டர்கூட இத்தனை துல்லியம் கேட்கமாட்டார்!

நம்மவர்கள் இந்த ஒன்றரையை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? மூசை என்கிற சின்ன மண்குடுவை. அதற்குள் தேனிரும்புத் துண்டு. கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்க இலை. அவ்வளவுதான். வாயைக் களிமண்ணால் அடைத்து, இப்படி இருபதுக்கும் மேற்பட்ட குடுவைகளை உலையில் அடுக்கி, துருத்தி போட்டு ஊதுவார்கள். குச்சியும் இலையும் உள்ளேயே கரியாகி இரும்போடு கலக்கும். கரி கலக்கக் கலக்க இரும்பு உருகுகிற சூடு இறங்கும். தனியாக உருக மறுத்த இரும்பு, கரி சேர்ந்ததும் குடுவைக்குள் கஞ்சி மாதிரி உருகிவிடும்! ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்த மாதிரி ஓர் உருக்குக் கட்டி.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட உலைகள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்த சாரதா ஸ்ரீநிவாசன், அதில் ஒட்டியிருந்தது உயர்கரி எஃகு என்று காட்டியிருக்கிறார். புறநானூற்றில் பொன்முடியார் ஊரில் யார் யாருக்கு என்னென்ன கடமை என்று ஒரு பட்டியல் போடும்போது, வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லன் கணக்கில் எழுதுகிறார். வீட்டுக்கு வீடு தெரிந்த தொழில் என்பதால்தானே போகிறபோக்கில் சொல்ல முடிந்தது?

இந்தக் கட்டிகள் கடல் தாண்டிப் போயின. தெலங்கானாவின் கோனசமுத்திரம் என்ற சின்ன ஊருக்கு, 1820களில்கூட ஈரானிலிருந்து வியாபாரிகள் நேரில் வந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அலையடிப்பது போலக் கோடு ஓடும் டமாஸ்கஸ் வாள் என்று சினிமாவில் பார்க்கிறோமே, அதற்கு மூலப்பொருள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த மூசை எஃகுதான். பெயர் என்னவோ டமாஸ்கஸுக்கு! (பிராண்டிங் என்று இதற்கு எங்கள் பி.காம்.மில் தனிப் பாடமே உண்டு.)

* * *

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது.

1794ல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட், இந்த எஃகில் கொஞ்சத்தை லண்டன் ராயல் சொஸைட்டித் தலைவருக்குப் பார்சல் அனுப்பினார். அங்கே இது 'ஊட்ஸ்' என்ற பேரில் அறியப்பட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு', நமக்கு 'உருக்கு'. யாரோ எழுதினதை யாரோ தப்பாகப் படித்து ஊட்ஸ் ஆகியிருக்கும் என்கிறார்கள்.

ஜார்ஜ் பியர்சன் என்ற டாக்டர் அதை ஆசிட்டில் கரைத்து, எடை போட்டு, 1795ல் ஒரு கட்டுரை படித்தார். 'இது தாதுவிலிருந்து நேரடியாகச் செய்தது, நடுவில் தேனிரும்பாக இருந்ததே இல்லை' என்பது அவர் கண்டுபிடிப்பு. தப்பு! அங்கத்திய கொல்லர்கள் சிலர் தங்கள் எஃகைக் காய்ச்சுகிற சூட்டுக்கு இதையும் காய்ச்சி அடித்தார்கள். பொலபொலவென்று உதிர்ந்தது. சரக்கு மட்டம் என்று பேச்சு. இளஞ்சூட்டில்தான் இதை அடிக்கவேண்டும் என்பது நம்மூர்ப் பட்டறைப் பையனுக்குத் தெரியும்.

அடுத்து வந்தவர் சாமானியர் அல்ல, மைக்கேல் ஃபாரடே! மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வழிகாட்டிய அதே ஃபாரடே. அவர் ஒரு கொல்லன் மகன் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. 1818லிருந்து 1822 வரை, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து ஊட்ஸின் ரகசியத்தைப் பிடிக்க மல்லுக்கட்டினார். அலுமினிய மண் கலப்பால்தான் இந்த குணம் என்று நினைத்தார். அதுவும் தப்பு. கரியின் அளவில்தான் விஷயம் இருக்கிறது என்று அதே காலத்தில் பாரிஸில் பிரேயான் என்பவர் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. கப்பலில் கட்டி வந்தது, கூடவே ஒரு ஆசாரியையும் அழைத்து வந்திருந்தால் என்ன? ஃபாரடேயும் அவரும் ஒரு டீ குடித்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். 1800ல் மைசூர், மலபார் என்று ஊர் ஊராகச் சுற்றிய ஃபிரான்ஸிஸ் புக்கானன் இந்த உலைகளை நேரில் பார்த்து எழுதியே இருக்கிறார். அது 1807ல் புத்தகமாகவும் வந்துவிட்டது.

நேரில் பார்த்த இன்னொருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இவர் மேல் தனி பாசம். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தராகச் சேலத்தில் இருந்தவர். மலையெல்லாம் இரும்பாக இருப்பதைப் பார்த்து மதிமயங்கி, வேலையை உதறிவிட்டு, 1830ல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய பாணியில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது ஆற்று வழியாகப் பரிசலில் போயிற்று. ஆவாரங்குச்சி, எருக்க இலை விவரத்தையெல்லாம் இவர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அப்போது இங்கிலாந்தில் இரும்பை நாள்கணக்கில் கரிக்குள் புதைத்துச் சுட்டுத்தான் எஃகு செய்துகொண்டிருந்தார்கள். 1825ல் சார்லஸ் மாக்கின்டாஷ் (மழைக்கோட்டுக்குப் பேர் கொடுத்தவரேதான்) கரிவாயு கொண்டு சீக்கிரம் செய்யலாம் என்று பேடன்ட் எடுத்தார். பச்சிலையிலிருந்து வருவதும் அதே வகை வாயுதானே, சேலத்துக் கொல்லன் இதை எப்போதோ செய்துவிட்டானே என்று ஹீத் வியக்கிறார்.

வியந்து என்ன பண்ண? ஆலை ஓயாமல் கரி கேட்டது. காடு கரைந்தது, பணமும் கரைந்தது. சர்க்காரிடம் வாங்கிய கடனும் காப்பாற்றவில்லை. ஹீத் இங்கிலாந்துக்குப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு பொருளைக் கொஞ்சம் போட்டால் தரம் கூடும் என்று கண்டுபிடித்து, 1839ல் பேடன்ட் எடுத்தார். ஷெஃபீல்டு நகரமே இதைப் பிடித்துக்கொண்டது. எஃகு விலை டன்னுக்கு 30, 40 பவுன் இறங்கியதாம். மனுஷர் கோடீஸ்வரர் ஆகியிருக்கவேண்டும், இல்லையா?

ஆகவில்லை. அன்வின் என்பவர் இவருக்கு ஏஜென்ட். மாங்கனீஸையும் கரியையும் முன்கூட்டியே சேர்க்காமல், தனித்தனியாக மூசையில் போட்டால் உள்ளேயே சேர்ந்துகொள்ளும், செலவும் மிச்சம். 'பேடன்ட்டில் எழுதியிருப்பது சேர்த்த பொருள்; நான் போடுவது தனித்தனி' என்று அன்வின் சொந்தக் கடை போட்டுவிட்டார்! ஹீத் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1855ல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. ஒரு வார்த்தையை எழுதாமல் விட்டதற்கு ஒரு வாழ்க்கை. எழுதவே தெரியாத சேலத்துக் கொல்லனுக்கு என்ன நஷ்டம் என்று எந்தக் கோர்ட் கணக்குப் பார்க்கும்?

மறு வருஷமே, 1856ல், பெஸ்ஸமர் தன் முறையை அறிவித்தார். அரை மணி நேரத்தில் டன் டன்னாக எஃகு! நம் ஆள் ஒரு குடுவைக்கு ஒரு ராத்தல், மிஞ்சினால் இரண்டு ராத்தல். ரயில் வந்தது. சீமை இரும்பும் ஆணியும் ஊசியும் அரமும் மூட்டை மூட்டையாக இறங்கின. 1882ல் மதராஸ் வனச் சட்டம் வந்து, கரி சுட நினைத்த இடத்தில் மரம் வெட்ட முடியாமல் போயிற்று. கரி இல்லாமல் உலை ஏது? 'கொல்லன் தெருவில் ஊசி விற்பதா?' என்று நக்கலடிப்போமே, நிஜமாகவே விற்றுவிட்டார்கள் ஸார். விற்றதோடு இல்லை, தெருவையே மூடிவிட்டார்கள்.

கடைசியாக, டமாஸ்கஸ் வாளின் அலைக்கோட்டுக்கு விடை கிடைத்தது 1990களில். கண்டுபிடித்தவர்கள் ஜோடியைப் பாருங்கள்: அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியர், கூட பென்ட்ரே என்று குதிரைக்கு லாடம் அடிக்கிற கொல்லர். ஒருவர் அடித்துக் காட்ட, மற்றவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க, இருவரும் வருஷக்கணக்காக உட்கார்ந்தார்கள். தாதுவிலேயே துளியூண்டு வனேடியம் மாதிரி ஏதாவது இருந்தால்தான் அந்தக் கோடு எழும் என்றார்கள். அப்படிப்பட்ட தாது தீர்ந்துபோனதால் கலையும் அழிந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த அதே குடுவை, அதே பக்குவம். ஆனால் ஒருநாள் கோடு வரவில்லை. எதனால் என்று தெரியாமலே அந்தப் பிள்ளை தன்னைத் தானே எத்தனை திட்டிக்கொண்டிருப்பான்?

* * *

ஒரு வாரம் கழித்து, பொழுது சாயப் போனேன். தலை நிறைய ஞானம்! "ஆசாரி ஐயா, இந்த வாய் இருக்குதுங்களே, இது நம்ம ஊரு மூசை எஃகா இருக்குமுங்களா?" என்று ஃபாரடே ரேஞ்சுக்குக் கேட்டேன்.

சிரித்தார். "அரம் தம்பி."

"என்னங்க?"

"பழைய அரம். எங்க தாத்தா காலத்துல அரம் தேஞ்சா தூக்கிப் போடமாட்டாங்க. அதைக் காய்ச்சி வெட்டி, கத்திக்கு வாயா வச்சு அடிச்சிருவாங்க. சீமை அரம். இங்கிலீசுல எழுத்து இருக்கும். இப்ப அதுவும் இல்லீங்க, லாரி ஸ்பிரிங் பட்டைதான்."

சீமை அரம். அந்தக் காலத்தில் சீமை அரம் என்றால் பெரும்பாலும் ஷெஃபீல்டு. சேலத்தில் தொடங்கிய ஹீத்தின் வித்தையில் தேறிய எஃகு, அரமாகிக் கப்பலேறி வந்து, தேய்ந்து, அம்மாயியின் அரிவாள்மணையில் உட்கார்ந்திருக்கிறதோ? நிரூபிக்க முடியாது. கேட்கவும் ஆள் இல்லை.

பேரன் மோட்டார் ஊதியைப் போட்டான். கோயமுத்தூரில் லேசர் கட்டிங் கம்பெனியில் வேலையாம், லீவுக்கு வந்திருக்கிறான். அலகு உலைக்குள் கிடந்தது. "ஏன் பொழுது சாய வரச் சொன்னீங்க?" என்றேன்.

"வெளிச்சத்துல நெறம் தெரியாதுங்க. கோவைப்பழச் செவப்பு வரணும். தாண்டிருச்சுன்னா கெட்டுச்சு."

நோட்டில் 'கோவைப்பழச் சிவப்பு' என்று எழுதிக்கொண்டேன். எட்டிப் பார்த்தவர், "எந்தக் கோவைப்பழம்னு எழுதுனீங்க? கிளி கொத்துறதுக்கு முந்துன நாளா, கொத்துன நாளா?" என்றார்.

எழுதியதை அடித்தேன்.

பேரன் செல்போனில் வீடியோ எடுத்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் அலகு வெறும் வெள்ளையாக, டியூப் லைட் மாதிரி தெரிந்தது. "எப்ப எடுத்தாலும் இப்பிடித்தாண்ணா வருது. தாத்தா சொல்ற கலரு விழவே மாட்டேங்குது" என்றான்.

ஆசாரி குறட்டால் அலகை எடுத்தார். ஒரு கணம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். 'சொய்ங்' என்று தொட்டித் தண்ணீருக்குள் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் என் குடும்ப வாழ்க்கை முடிந்தது!

கேட்கவில்லை.

வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகை மறுபடி சூட்டில் காட்டினார். வைக்கோல் மஞ்சள் ஒரு நூல் மாதிரிப் புறப்பட்டு வாயை நோக்கி ஓடி வந்தது. பின்னாலேயே ஊதா துரத்தியது. மஞ்சள் வாயைத் தொட்டதும் சட்டென்று தண்ணீர். பட்டடையில் தட்டிக் காதைக் கொடுத்தார். தலையை ஆட்டினார்.

கூலி இருநூறு ரூபாய் கேட்டார். ஐநூறு கொடுத்தேன். முந்நூறை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில், மனைவி ஒன்றும் பேசாமல் அரிவாள்மணை முன் உட்கார்ந்து சேனைக்கிழங்கை எடுத்தாள். சரக்கென்று இரண்டாகப் போயிற்று. அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வார்னிஷ் டப்பாவைத் திறந்துட்டீங்களா?" என்றாள்.

இன்னும் இல்லை.